ரெக்கோடருக்கு ஒரு பொட்டு

வெள்ளவத்தை நாகேஸ்வரிக்கும் கொட்டாஞ்சேனை ஜோய்ஸ் ஒஸ்வால்டுக்கும் கதைக்கத் தெரியாது என்று ஜெர்மனியில் இருக்கும் ஒரு பேராசிரியர் எழுதி அனுப்பினார். அந்த இரண்டு பேரையும் தெரிந்த எவரும் இதை நம்பமாட்டார்கள். மழையோ ஊரடங்கோ, காலையில் அரிசியை அடுப்பில் வைத்த கையோடு நாகேஸ்வரி தொலைபேசியை எடுத்துவிடுவாள். சோறு வேகும்வரை கதைப்பது என்பது ஏற்பாடு. ஆனால் சோறு குழைந்து, அடிப்பிடித்து, பக்கத்து ஃபிளாட்காரி வந்து கதவைத் தட்டிய பிறகுதான் கதை ஒரு முடிவுக்கு வரும்.

இருவரும் கொழும்புக் கோட்டையில் ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர்கள். காதில் ஹெட்செட்டை மாட்டி, பலகையில் வயரைக் குத்தி, யாழ்ப்பாணத்து மாமனைக் காலியில் இருக்கும் மருமகனோடு இணைத்துவிட்ட கைகள் அவை. ஜோய்ஸ் ஐரோப்பியர் வழிவந்த பறங்கிப் பெண். அவளுடைய தமிழ் ‘ஓம்’, ‘பிள்ளை’, ‘தோசை’ என்ற அளவில் நின்றுபோனது. நாகேஸ்வரியின் சிங்களம் மீன் வாங்கவும் செக்பொயின்ரில் பதில் சொல்லவும் காணும், சொந்தக்காரரைக் குறை சொல்லக் காணாது. ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் ஆங்கிலம். எந்த நாட்டு ஆங்கிலம் என்று கேட்டால் என்ன சொல்வது? அது அவர்களுடைய ஆங்கிலம். பாதி வசனம் ‘நோ’ என்று முடியும், மீதி ‘மென்’ என்று முடியும், இடையில் ஐயோவும் சிங்களத்து அனேயும் தாராளமாக வந்து போகும்.

வினை நாகேஸ்வரியின் மகள் அருந்ததி வடிவில் வந்தது. அருந்ததி களனிப் பக்கம் ஒரு கம்பஸில் ஒப்பந்த வேலை பார்த்தாள். உலகத்தில் எந்தெந்த நாட்டார் எப்படி எப்படி ஆங்கிலம் கதைக்கிறார்கள் என்று ஒப்பிடும் வேலை. ஒவ்வொரு நாட்டிலும் சனங்கள் வீட்டிலும் கடையிலும் வகுப்பிலும் கதைப்பதைப் பதிந்து, இருமல் தும்மல் விடாமல் எழுத்தில் இறக்கி, கணினிக்குள் பெரிய குவியலாகக் கொட்டி வைப்பார்களாம். பிறகு இந்தியக் குவியலையும் சிங்கப்பூர்க் குவியலையும் ஜமெய்க்காக் குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். நாங்கள் எவ்வளவு பிழையாகக் கதைக்கிறம் என்று எண்ணுறதுக்குச் சம்பளமா என்று நாகேஸ்வரி கேட்டாள். பிழை சரி பார்ப்பதில்லை, எங்கள் குவியலும் மற்றக் குவியல் மாதிரி ஒரு குவியல்தான் என்று அருந்ததி பொறுமையாகச் சொன்னாள். நாகேஸ்வரிக்கு அது விளங்கவில்லை, ஆனால் பிடித்திருந்தது.

இலங்கைக் குவியல் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. குறைந்தது ஒன்றே ஒன்று, இரண்டு சிநேகிதர்கள் தொலைபேசியில் கதைக்கும் கதை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டுக் கொழும்பில் தன் தொலைபேசியைப் பதிய எந்தத் தமிழன் விடுவான்? தெரிந்த வக்கீல் ஒருவர், அரசாங்கத்திடம் போய்க் கேள் பிள்ளை, என்னுடைய கதை அவர்களிடம் கட்டுக்கட்டாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆகவே பழி தாயின் தலையில் விழுந்தது. நாகேஸ்வரி உடனே ஒத்துக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது.

இலங்கைப் பகுதியை முடித்துத் தருகிறவருக்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு இடம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நாகேஸ்வரிக்கு அந்த ஒரு வார்த்தைதான் மனத்தில். பிள்ளை காலையில் பஸ் ஏறிப் போனால் திரும்பி வருகிற மட்டும் யன்னலடிதான். லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பிய வருசம் அது. ஆள் கடத்தும் வெள்ளை வானைக் கண்டால் ரோட்டே ஒதுங்கி நின்றது. எப்படியாவது இவள் இந்தத் தீவை விட்டுப் போய்விட வேண்டும் என்று நாகேஸ்வரி வெள்ளவத்தையில் கும்பிடாத கோயில் இல்லை.

அருந்ததியோ அம்மாவைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். தகப்பன் சிவானந்தன் செத்துப் பல வருசம், வேறு பிள்ளையும் இல்லை. நாகேஸ்வரி யோசித்துப் பார்த்து, ஒரு பொய் சொன்னாள். ரொறொன்ரோவில் இருக்கும் தன் அக்கா இரத்தினம்மா நிரந்தரமாகக் கொழும்புக்கு வந்து தன்னோடு இருக்கப் போகிறா என்றாள். ஊரில் உள்ளவன் எல்லாம் கனடாவுக்கு ஓடுகிற காலத்தில் கனடாவில் இருந்து ஒருத்தி வெள்ளவத்தைக்கு வருகிறாளாம்! பனி முழங்காலுக்கு ஒத்துவரவில்லை, மருமகளோடும் கொளுவல் என்று நாகேஸ்வரி மேலும் இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டவைத்தாள். இரத்தினம்மா அங்கே ஒரு குறையும் இல்லாமல் பனி வழித்துக்கொண்டிருந்தா. பாவம், அருந்ததி நம்பிவிட்டாள்.

இனி அந்த ஒரு தொலைபேசிக் கதைதான் பாக்கி. அருந்ததி சின்ன ரெக்கோடர் ஒன்றைத் தொலைபேசியோடு பொருத்தினாள். ரிசீவரைத் தூக்கினால் அது தானாக ஓடும், மூலையில் குண்டுமணி அளவில் சிவப்பு விளக்கு எரியும். நீங்கள் வழக்கமாகக் கதைக்கிறதைக் கதையுங்கோ என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள். நாகேஸ்வரி அரிசியை வைத்தாள், ரிசீவரை எடுத்தாள், விளக்கைப் பார்த்தாள். முதுகு தானாக நிமிர்ந்தது.

“குட் மோர்னிங், ஜோய்ஸ். ஹவ் ஆர் யூ கீப்பிங்?”

“வெரி வெல், தேங்க் யூ, நாகேஸ்வரி. அன்ட் யுவர்செல்ஃப்?”

வாழ்நாளில் முதல் தடவையாக ஜோய்ஸ் அவளை முழுப்பெயரால் கூப்பிட்டாள், மற்ற நாட்களில் ‘நாகி’தான். பிறகு இருவரும் வெக்கையைப் பற்றிக் கதைத்தார்கள். இன்று வெக்கை என்றாள் ஒருத்தி. உண்மையாகவே வெக்கை, நேற்றும் அப்படித்தான் என்றாள் மற்றவள். நாளைக்கும் அப்படி இருக்கக்கூடும் என்று இருவரும் உடன்பட்டார்கள். அன்றைக்குச் சோறு சரியான பதத்தில் இறங்கியது.

இதில் அவர்களுடைய பிழை ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. எக்ஸ்சேஞ்சில் சுப்பவைசர் அம்மணி சத்தமில்லாமல் லைனில் புகுந்து கேட்பா. அவ புகுந்தால் காதில் கேட்கும் சத்தம் ஒரு நூல் இறங்கும். அந்த இறக்கத்தை வைத்தே, வாயில் இருந்த வம்பை விழுங்கிவிட்டு, லண்டன் ரேடியோக்காரி மாதிரி மாறிவிட இருவரும் பழகியிருந்தார்கள். பென்சன் எடுத்தும் பழக்கம் பென்சன் எடுக்கவில்லை. யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், இரண்டு பேருக்கும் உள்ளே ஒரு வெள்ளைக்காரி எழுந்து உட்காருவாள்.

அருந்ததி ஒவ்வொரு நாளும் பதிந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். ஒருநாள் ஜோய்ஸே ஒரு யோசனை சொன்னாள், பொய்யாக ஒரு சண்டை போடுவோம் என்று. லவ் கேக்குக்கு முந்திரிப்பருப்பு எவ்வளவு என்பதில் சண்டை. அவள் பள்ளிக்கூட நாடகத்தில் ராணியாக நடித்தவள், சும்மா விடுவாளா? ‘ஹவ் டெயார் யூ’ என்று அவள் கத்திய கத்தலில் அவளுடைய புருசன் வின்சன்ற் பதறி ஓடிவந்து, என்ன நடந்தது என்று கேட்டது மட்டும்தான் அந்தப் பதிவில் இயற்கையாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பேராசிரியர் எழுதினார், இந்த இரண்டு பெண்மணிகளும் மிக மரியாதையானவர்கள், ஆனால் மனிதர்கள் இப்படிக் கதைப்பதில்லை என்று.

அந்தச் சிவப்பு விளக்குதான் சனியன் என்று நாகேஸ்வரிக்குப் பட்டது. கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தால் எவள் வாய் திறப்பாள்? நெற்றியில் இருந்த கறுத்த ஒட்டுப்பொட்டை உரித்து அதன்மேல் ஒட்டிவிட்டாள். முதல் நாள் பொட்டைப் பார்த்தும் முதுகு நிமிரத்தான் செய்தது. சில நாள் போக, நெற்றிப்பொட்டை எங்கெங்கோ ஒட்டிவைக்கும் வீட்டில் அதுவும் ஒரு பொட்டாகிவிட்டது.

அப்படியிருக்கையில் ஒரு பின்னேரம் அருந்ததி வரவில்லை. அவளுடைய கைத்தொலைபேசிக்கு எடுத்தாலும் மணி போகவில்லை. வாசலுக்கும் யன்னலுக்குமாக நடந்து கால் ஓய்ந்த நாகேஸ்வரி ரிசீவரை எடுத்து ஜோய்ஸைக் கூப்பிட்டாள்.

நடந்தது இதுதான். களனியில் இருந்து வரும் வழியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தபோது அருந்ததியின் பையில் கணினி இருந்தது, கணினியில் பதிவுகள் இருந்தன. தமிழ்ப் பிள்ளை, அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்துப் பிறப்பு, கையில் நிறைய ஆங்கிலக் குரல்கள். காணாதா? அவளை இறக்கிக் கொண்டுபோய்ப் பொலிஸ் நிலையத்து வாங்கில் இருத்தினார்கள். ஆங்கிலம் தெரிந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, ஹெட்ஃபோனை மாட்டி, வெக்கைக் கதை முழுவதையும் கேட்டார். திருப்பியும் கேட்டார். முகம் இறுகிவிட்டது. இன்றைக்கும் வெக்கை, நேற்றும் வெக்கை, நாளைக்கும் வெக்கை என்றால் இது என்ன சங்கேதம், எந்தப் பெண்பிள்ளைகள் இப்படிக் கதைப்பார்கள், எனக்கும் மனைவி இருக்கிறாள் என்று அவர் கேட்டார். அந்தக் கதி கெட்ட நேரத்திலும் அருந்ததிக்கு அவரைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போல இருந்தது. இதைத்தானே அவள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்! கம்பஸுக்குப் போன் எடுத்து, கடிதம் பார்த்து, கடைசியில் லவ் கேக் சண்டையையும் வின்சன்ற் ஓடிவந்ததையும் கேட்ட பிறகுதான் இன்ஸ்பெக்டர் வாய்விட்டுச் சிரித்து அவளை விட்டார். அந்த இரண்டு நோனா அம்மணிமாருக்கும் ஒழுங்காகக் கதைக்கச் சொல்லு என்று புத்தியும் சொல்லி அனுப்பினார்.

அருந்ததி படியேறி வந்தபோது நன்றாகப் பொழுது பட்டுவிட்டது. நாகேஸ்வரி அவளைப் பிடித்து உலுக்கி, ஏசிப் பேசி, அழுது, சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்த அருந்ததி பழக்கத்தில் ரெக்கோடரை எடுத்துப் பார்த்தாள். உள்ளே இவ்வளவு காலமும் இல்லாத நீளத்தில் ஒரு பதிவு. முதல் வார்த்தை காதில் விழுந்ததுமே அவளுடைய முகம் பூத்தது.

“அம்மா, இது உண்மையான கதை. கடைசியிலை கதைச்சிட்டியள்.”

நாகேஸ்வரி திடுக்கிட்டு ரெக்கோடரைப் பார்த்தாள். பொட்டுக்குப் பின்னால் அந்தச் சனியன் விழித்திருந்திருக்கிறது! தான் என்ன என்ன கொட்டினாள் என்று ஒவ்வொன்றாக நினைவு வந்தது. பிள்ளை உயிரோடு வந்தால் போதும், ஜெர்மனிக்குப் போய் உருளைக்கிழங்கு தின்று நன்றாக இருக்கட்டும் என்று சொன்னது. அக்கா வாறா என்று சொன்னது முழுப்பொய், ஒருத்தரும் வரப்போவதில்லை, இவள் போன பிறகு நான் சுவரோடுதான் கதைக்கவேண்டும் என்று சொன்னது. அதற்கு ஜோய்ஸ், என்ன மென் செய்ய, நான் இருக்கிறேன் தானே என்று மூக்கை உறிஞ்சியது. எல்லாம் உள்ளே.

எட்டிப் பறித்து, இதைக் கேட்கக்கூடாது, அழித்துவிடு என்றாள். அருந்ததி விறைத்துப் போனாள். பதியப்பட்டவர் சம்மதித்துக் கையெழுத்து வைக்காவிட்டால் பதிவைத் தொடக்கூடாது என்பது சட்டம்தான், ஆனால் இந்த மாதத்தோடு தவணை முடிகிறது, இது போனால் ஜெர்மனியும் போச்சு என்றாள். நாகேஸ்வரி அகப்பட்டுக்கொண்டாள். அழித்தால் பிள்ளை போகமாட்டாள். அழிக்காமல் கொடுத்தால் அதைக் கேட்டு எழுதப்போகிறவள் இவளேதான், கேட்டால் அதற்குப் பிறகு எந்தப் பிளேனிலும் ஏறமாட்டாள். ஆண்டவனே, எந்தப் பக்கம் போனாலும் முள்.

அடுத்த நாள் அவள் தொலைபேசியைத் தொடவில்லை. பஸ் மாறி நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய் ஜோய்ஸின் முன்னால் உட்கார்ந்தாள். ஜோய்ஸ் முழுவதையும் கேட்டுவிட்டு, இதற்கு ஏன் இந்த அழுகை என்றாள். எக்ஸ்சேஞ்சில் சொந்தக்காரரின் கோல் வந்தால் நாம் என்ன செய்தோம்? கேட்கக்கூடாது என்று வயரைப் பக்கத்துக் கதிரைக்குக் கொடுத்துவிடுவோம். நாட்டின் பாதி இரகசியம் இந்த இரண்டு காதுக்குள்ளும் போனது, ஒன்றாவது வெளியே வந்ததா? இதையும் பக்கத்துக் கதிரைக்குக் கொடு என்றாள். நாகேஸ்வரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பக்கத்துக் கதிரை என்பது ஹாஷிம். கொம்பனித்தெருப் பொடியன், அருந்ததியோடு அதே வேலை பார்க்கிறவன். அவன் எழுதட்டும், நீ ஒரு சொல்லும் கேட்கக்கூடாது, அப்படியென்றால் கையெழுத்து வைக்கிறேன் என்று நாகேஸ்வரி மகளிடம் சொன்னாள். சொந்தக்காரரை அம்மா தாறுமாறாகத் திட்டியிருக்கிறா என்று அருந்ததி நினைத்துக்கொண்டாள். கொஞ்சம் மனம் நொந்தாலும் சத்தியம் பண்ணினாள். நாகேஸ்வரியின் பிள்ளை சத்தியம் தவறமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை அருந்ததி இல்லாத நேரம் பார்த்து ஹாஷிம் எழுதிய தாள்களோடு வந்தான், கையில் அவனுடைய உம்மா கொடுத்துவிட்ட ஒரு கிண்ணம் வட்டிலப்ப இனிப்பு. விளங்காத இடங்களைக் கதைத்தவரிடம் கேட்டுச் சரிபார்ப்பது அவர்கள் வழமை. நாகேஸ்வரியின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு அவன் தாளையே பார்த்தபடி இருந்தான். பெயர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகவும், இரத்தினம்மா இனிமேல் மிஸிஸ் பெர்னாண்டோ என்றும் சொன்னான். கனடாவையும் மாற்றி அவுஸ்திரேலியா ஆக்கிவிட்டானாம். அங்கே பனி இல்லையே, முழங்காலுக்கு என்ன செய்வீர் என்று நாகேஸ்வரி கேட்டாள். இருவரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவன் கடைசித் தாளை எடுத்தான்.

“ஆன்ட்டி, இந்த இடத்தில நீங்க கனநேரம் ஒண்டும் சொல்லல்ல. சும்மா நிண்டீங்களா, அழுதீங்களா? ரெண்டுக்கும் வேற வேற குறி ஈக்கிது.”

நாகேஸ்வரி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“சிரிப்பெண்டு போடுங்கோ தம்பி.”

ஹாஷிம் பேனையைப் பிடித்தபடி இருந்தான். பொய்க் குறி போட்டால் தொழிலுக்குத் துரோகம், அழுகை என்று போட்டால் இந்த மனுசிக்குத் துரோகம். கடைசியில் நீண்ட மௌனம் என்று குறித்தான். நாகேஸ்வரி கையெழுத்து வைத்தாள், அவன் வட்டிலப்பத்தின் கிண்ணத்தைக்கூட மறந்து படியிறங்கிப் போனான். இப்படியாக இலங்கைக் குவியல் நிறைந்தது. பேராசிரியர் மகிழ்ந்துபோய், உலகக் குவியல்களிலேயே இவ்வளவு உயிருள்ள தொலைபேசிக் கதை குறைவு என்று எழுதினார்.

அருந்ததி போய்விட்டாள். பெரியம்மா வந்த பிறகுதான் போவேன் என்று அவள் கடைசி வாரத்தில் ஒரு பிடி பிடித்தாள். டிக்கட் கிடைக்கவில்லை, அடுத்த மாதம் வந்துவிடுவா என்று நாகேஸ்வரி இன்னொரு ஒட்டுப் போட்டு அனுப்பினாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அழவில்லை. வீட்டுக்கு வந்து ரிசீவரை எடுத்து, கொட்டாஞ்சேனையைக் கூப்பிட்டு, ஒன்றும் கதைக்காமல் வைத்தாள். ஜோய்ஸ் மறுநாளே வந்து சில நாள் தங்கினாள்.

அடுத்த மாதமும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோய்ஸ் வந்திருந்த நேரம் ஜெர்மனியில் இருந்து அழைப்பு வந்தது. அருந்ததி குளிரைப் பற்றிச் சொன்னாள், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாள். பிறகு பெரியம்மா வந்துவிட்டாவா என்று கேட்டாள்.

நாகேஸ்வரியின் முதுகு நிமிர்ந்தது. ஓம், பெரியம்மா சுகமாக வந்து சேர்ந்துவிட்டா, பயணம் சௌகரியமாக இருந்தது, இங்கே இன்று சற்று வெக்கை என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். பெரியம்மாவிடம் கொடுங்கோ என்று அருந்ததி சொன்னாள். நாகேஸ்வரி ரிசீவரைப் பொத்திக்கொண்டு முழித்தாள். நிலைமையைப் புரிந்துகொண்ட ஜோய்ஸ் லபக்கென்று அதைப் பறித்தாள். தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் திரட்டி, எக்ஸ்சேஞ்ச் குரலில், “ஓம் பிள்ளை. ஓம். ஓம்” என்றாள். அருந்ததி ஏதோ கேட்டாள். “தோசை” என்று சொல்லிவிட்டு ஜோய்ஸ் ரிசீவரை நாகேஸ்வரியின் மடியில் போட்டாள்.

நாகேஸ்வரி அதைக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் அருந்ததிக்கு விளங்கிவிட்டது. மாதக்கணக்காக அந்த வெக்கைக் குரலைக் கேட்டுக் கேட்டுத் தலையில் கை வைத்தவள் அவள்.

“அம்மா, லைனிலை சுப்பவைசர் இல்லை. இனிக் கதையுங்கோ.”

நாகேஸ்வரி வாயைத் திறந்தாள். மடை உடைந்தது. பெரியம்மா வரவில்லை, வருவதாக ஒருநாளும் சொன்னதில்லை, எல்லாம் பொய், நான் தனியத்தான் இருக்கிறேன், சோறு மிச்சம் மிச்சமாகக் கிடக்குது என்று அழுது அழுது சொன்னாள். அங்கே அருந்ததியும் அழுதாள். அப்ப நான் திரும்பி வாறன், இப்பவே வாறன் என்றாள்.

“வந்து பார். படியிலை வைச்சே காலை முறிப்பன், விசரி. அங்கை இருந்து படி. வாறாளாம் வாறாள்.”

அதோடு நிற்கவில்லை. சாப்பிடாமல் கிடப்பதற்கு, ஸ்வெட்டர் போடாததற்கு, பிறந்ததில் இருந்து செய்த அத்தனை குழப்படிக்கும் சேர்த்து மூச்சு விடாமல் ஏசிப் பேசினாள். அருந்ததி மூக்கை உறிஞ்சி உறிஞ்சிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைக்கட்டுமா என்று தாய் கேட்டபோது, வேண்டாம், இன்னும் கொஞ்சம் பேசுங்கோ என்றாள். குசினியில் சோறு அடிப்பிடித்து மணந்தது. ஜோய்ஸ் எழுந்துபோய் அடுப்பை நிறுத்தினாள்.